கட்டுமானப் பொருள் விநியோக ஒருங்கிணைப்பு: கேள்வி பதில்

கேள்வி: பொருள் எதுவும் சொன்ன தேதியில் வந்து சேருவதில்லை. விநியோகஸ்தரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றுவதற்கு முன், நீங்கள் அவருக்குச் சொன்ன தேதி எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, கூரை கான்கிரீட் போடும் நாளில் கலவை லாரி வாசலில் நிற்கிறது, டிரம் சுழன்றுகொண்டே இருக்கிறது, மேலேயோ மின்குழாய் பதிப்பவர் கம்பிகளுக்கிடையே குனிந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார். தண்ணீர் சேர்ந்த கலவையை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. நேரம் கடந்து இறுகும் கலவையில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் கான்கிரீட்டின் வலிமை குறையும் என்பதால், அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இங்கே தவறு லாரியில் இல்லை; முந்தைய நாள் மாலை மின்பணியாளரையும் கம்பி கட்டுபவரையும் ஒரே இடத்தில் நிறுத்தி, "நாளைக் காலை தயாராகிவிடுமா?" என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி: எவ்வளவு காலத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும்?

பதில்: கட்டுமான மேலாண்மை வல்லுநர்களான கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவல் ஆகியோர் 1990களில் வகுத்த, களத்தில் வேலையை நேரடியாக ஒதுக்குபவர்களே திட்டமிடும் 'கடைசித் திட்டமிடுபவர்' (Last Planner) முறையில், சுமார் 6 வாரம் முன்னோக்கிப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் தடையாக நிற்பது வரைபடமா, பொருளா, ஆளா என்று கண்டறிந்து நீக்குவார்கள். வாரக் கடைசியில், செய்வதாக ஒப்புக்கொண்டவற்றில் எத்தனை முடிந்தன என்று கணக்கிடுவார்கள். இந்தக் கணக்கு எவரையும் குற்றம் சாட்டுவதற்கானது அல்ல, காரணத்தைத் தேடுவதற்கானது. மின்தூக்கி, அலுமினியச் சட்டம் போன்றவற்றுக்கு 6 வாரம் போதாது; பொருத்தும் நாளிலிருந்து பின்னோக்கி, போக்குவரத்து, தயாரிப்பு, வரைபட ஒப்புதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆகும் நாட்களைக் கழித்து ஆர்டர் தேதியைக் குறியுங்கள். ஒப்புதலுக்கு ஆகும் நாட்களைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிட்டால்?

பதில்: சிமென்ட் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும்; கம்பி துருப்பிடிக்கும்; ஒரே பொருளை இரண்டு மூன்று முறை இடம் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் விநியோகஸ்தர்கள் சிறியவர்கள், மென்பொருள் பயன்படுத்தாதவர்கள். அவர்களை எப்படி இணைப்பது?

பதில்: கைபேசிச் செய்தி போதும். ஆனால் அளவு, இறக்கும் இடம், நேரம் ஆகியவற்றை உங்கள் தரப்பில் ஒருவர் மட்டுமே அனுப்ப வேண்டும். தேதி தள்ளிப்போனால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அவர்களுக்குச் சேர வேண்டிய தொகையையும் சொன்ன நாளில் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் பாக்கி வைத்திருப்பவரின் ஆர்டரை அவர்கள் கடைசியில்தான் ஏற்றுவார்கள்.