கேலக்ஸிக் கொத்து அடங்கிவிட்டதா, இன்னும் மோதலில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேட்டவர் கல்லூரி மாணவர். "அசையாத ஒரு படத்தை வைத்து, கொத்து கலங்கியிருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்பது அவர் சந்தேகம். கொழிஞ்சாம்பாறையில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிக் கூட்டம்தான் கொத்து. இரண்டு கொத்துகள் மோதி அடங்கச் சில நூறு கோடி ஆண்டுகள் ஆகும். அதனால் ஓட்டத்தைப் பார்க்க வழியில்லை. மோதல் விட்டுவைத்த கோணலைத்தான் அளக்கிறோம்.

கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு நிரம்பிக் கிடக்கிறது. 1999-இல் ஏவப்பட்ட, நம் இயற்பியலாளர் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி அதை எக்ஸ் கதிரில் படமெடுக்கிறது. அந்தப் படத்தில் பெரிய வட்டம் ஒன்று போட்டு, உள்ளிருக்கும் ஒளியின் நடுப்புள்ளியைக் கணக்கிடுவார்கள். அப்புறம் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போய் ஒவ்வொரு தடவையும் அதே கணக்கு. நடுப்புள்ளி நகராமல் நின்றால் அடங்கிய கொத்து. கொத்தின் ஆரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குக்கு மேல் அலைந்தால் கலங்கியது என்று வைத்துக்கொள்கிறார்கள். மையம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா, மிகப் பெரிய கேலக்ஸி வாயு மிகப் பளிச்சென்று இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டும் அடங்கியதற்கு அடையாளம்.

சரி, மோதல் நம் பார்வைக் கோட்டிலேயே நடந்தால்? படம் உருண்டையாக, அமைதியாகத் தெரியும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டாரும் பாலக்காட்டுப் பெண் வீட்டாரும் மாடியிலிருந்து பார்த்தால் ஒரே கூட்டம்தான். பேச்சைக் கேட்டால்தான் இரண்டு தரப்பு என்று தெரியும். கொத்தில் அந்தப் பேச்சு நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை. ஒவ்வொரு கேலக்ஸியின் வேகத்தையும் அதிலிருந்து எடுத்து, எந்த வேகத்தில் எத்தனை கேலக்ஸி என்று வரைபடம் போட்டால், அடங்கிய கொத்தில் ஒரே மேடு வரும். மோதும் கொத்தில் பல சமயம் இரண்டு வரும். சிஎல் 0024+17 அப்படிப்பட்ட கொத்து. 2002-இல் வேகங்களை அலசியபோதுதான் அதன் இரண்டாவது கூட்டம் தெளிவாக வெளிப்பட்டது. வெறும் படத்தை வைத்து முடிவு கட்டுவதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்றால், நிறை. வாயுவின் அழுத்தமும் ஈர்ப்பும் சமனில் இருப்பதாக வைத்துத்தான் எக்ஸ் கதிரிலிருந்து நிறையைக் கணக்கிடுகிறோம். வாயு கொந்தளித்தால் அந்தக் கொந்தளிப்பும் ஒரு பங்கு எடையைத் தாங்கும். கணக்கில் நிறை குறைந்துபோகும். ஜப்பானின் எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் ஹிடோமி செயலிழப்பதற்கு முன், 2016-இல், பெர்சியஸ் கொத்தின் மையத்தில் இந்தக் கொந்தளிப்பை நேரடியாகவே அளந்தது: நொடிக்கு சுமார் 164 கிலோமீட்டர். அழுத்தத்தில் அதன் பங்கு 4 சதவீதம்தான். பலர் எதிர்பார்த்ததைவிட அமைதி.

புனே அருகே கோடாத்தில் உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கிக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. கொத்து முழுக்கப் பரவிய ரேடியோ ஒளிவட்டங்கள் பெரும்பாலும் கலங்கிய கொத்துகளில்தான் இருக்கின்றன என்று காட்டியதில் அதன் தரவு முக்கியமானது.

சந்திராவின் பழைய தரவுகள் இணையத்தில் இலவசம். இரண்டு கொத்துகள் மோதிக்கொண்ட புல்லட் கொத்தின் படத்தை இறக்கி, மேலே சொன்ன வட்டக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள் தம்பி, லேப்டாப் போதும்.