திரும்பி வரும் தட்டு

ஐயா, வணக்கம்.

11 வருடம் ஹோட்டல் நடத்தியதாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். நானும் வேலையை விட்டுவிட்டு எங்கள் சின்ன ஊரில் 30 நாற்காலி போட்டு ஒரு கடை தொடங்கப்போகிறேன். என் மனைவி கையால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் "கடை போடு, கூட்டம் அள்ளும்" என்கிறார்கள். ருசி இருந்தால் போதும்தானே? நீங்கள் ஏன் மூடினீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

விருந்துக்கு வந்தவர் யாரும் உப்பு தூக்கல் என்று சொல்வதில்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் சொல்வார் என்று நம்பித்தான் நானும் கடை போட்டேன். சின்ன ஊரில் அவரும் சொல்ல மாட்டார். மதியம் சாப்பிட்டுப் போனவர் சாயங்காலம் மருந்துக் கடையில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே, எதற்கு வம்பு? "எப்படி இருந்தது?" என்றால் "பிரமாதம்" என்பார். அப்புறம் வர மாட்டார்.

இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு கழுவ ஒரு வயதான அம்மா இருந்தார். ஒரு நாள் கூட்டம் ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். தொட்டியோரம் ஏழெட்டுத் தட்டுகளைக் கழுவாமல் வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வகைக் காய் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. ஒரு தட்டில் மட்டும் அதைச் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார் யாரோ. மரியாதைக்காரர்! "மூணு நாளா இப்படித்தான் வருது" என்றார் அந்த அம்மா. விசாரித்தால், காய் நறுக்க வந்த புதுப் பையன் ஒரு துண்டு பெரிதும் ஒரு துண்டு சிறிதுமாக வெட்டித் தள்ளியிருக்கிறான். பாதி குழைந்தும் பாதி வேகாமலும் போயிருக்கிறது. மூன்று நாளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அன்றிலிருந்து மதியம் அரைமணி நேரம் கழுவுமிடத்தில்தான் நிற்பேன்.

அதே ஆட்கள்தான் தினமும் வருகிறார்கள். நேற்றைய ருசி அவர்கள் நாக்கில் இருக்கும். அதைவிட நன்றாக இருந்தாலும் "என்ன, மாஸ்டர் மாறிட்டாரா?" என்பார்கள்.

மிச்சமாகும் சோற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டுச் சமையலில் இருந்து வருகிறவர்கள் இடறி விழும் இடம் அதுதான். முதல் வருடம் ஒரு ராத்திரி அண்டாவோடு மூடி வைத்துவிட்டு, காலையில் சூடாக்கிப் போட்டோம். நான்கு பேருக்கு வாந்தி. ஊர் முழுக்கப் பரவ ஒரு மணி நேரம் போதும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினால் போகாது. அதனால் அகலமான தட்டங்களில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரி செல்சியசுக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும். நாங்கள் அதற்கப்புறம் மிச்சம் வைப்பதையே விட்டுவிட்டோம்.

சரி, ஏன் மூடினேன்? எனக்கும் 30 நாற்காலிதான். மதியம் நாலு பந்தி, 120 பேர். அதில் 40 பேர் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள். அந்த அலுவலகம் இடம் மாறியது. ஒரே வாரத்தில் 40 பேரும் போனார்கள். சரக்குச் செலவு குறைந்தது. ஆனால் வாடகை குறையவில்லை, சம்பளம் குறையவில்லை, அடுப்பும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எரிந்தது. நல்ல மாதத்திலேயே நூற்றுக்கு எட்டுதான் கையில் நின்ற கடை அது. ஏழு மாதம் தாக்குப்பிடித்தேன். அந்த ஏழு மாதமும் தட்டுகள் வழித்துச் சாப்பிட்டுக் காலியாகத்தான் வந்தன. வராதவர் தட்டை யார் கொண்டுவந்து காட்டுவது?

நீங்கள் 18 நாற்காலியில் தொடங்குங்கள். தட்டு கழுவுகிறவருக்கு அவர் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுங்கள்.

இன்னொன்று. கடை போடப்போவது நீங்கள், போடச் சொன்னது ஊர், சமைக்கப்போவது உங்கள் மனைவி. அவர் என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே?