நடைப்பிணங்கள் வந்தால் எந்தப் பாலத்தைக் கடப்பது?

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நடைப்பிணங்கள் ஊருக்குள் புகுந்துவிட்டால் நம் குடும்பம் எப்படித் தப்பிப்பது என்று இரண்டு வாரமாக ஒரு நோட்டில் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறான். கத்தி, கயிறு, டார்ச், பிஸ்கட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: இன்சுலின் போட்டுக்கொள்ளும், மூட்டுவலியும் உள்ள என் மாமியார், கணவர், நான், மகன், நான்கு வயது மகள். படிக்கிற வேலையைப் பார் என்று அவனைக் கண்டிப்பதா, கூட உட்கார்ந்து எழுதுவதா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கூட உட்காருங்கள், அம்மா. பிள்ளைகள் ஜாம்பி என்று சொல்லும் இந்த நடைப்பிணம், மந்திரவாதியால் எழுப்பப்பட்டு அடிமையாக உழைக்கும் பிணமாக ஹைட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையில் பிறந்து, பிறகு திரைப்படங்களில் கடித்துத் தொற்றும் கூட்டமாக மாறியது. அது வரப்போவதில்லை. ஆனால் அதற்காகச் செய்யும் ஆயத்தம் வீணாகாது என்பதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமே ஒப்புக்கொண்டு, 2011 மே மாதத்தில், நடைப்பிணங்கள் வந்தால் குடும்பம் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. சூறாவளிக்குத் தயாராகுங்கள் என்றால் படிக்காத மக்கள், இதைப் படிக்க முண்டியடித்ததில் அந்த இணையப் பக்கமே முடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி விடிந்தும் விடியாத பொழுதில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்சாரமும் தண்ணீரும் தொலைபேசியும் ஒரே இரவில் நின்றுபோன அந்த நாட்களுக்கு உங்கள் மகனுடைய நோட்டு அப்படியே பொருந்தியிருக்கும்.

ஆனால் அவன் பட்டியலில் தொடங்கியிருக்கிறான்; வரைபடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், கிழக்கே கடல். புதுச்சேரிப் பக்கம் போனாலும் சிதம்பரம் பக்கம் போனாலும் ஆற்றுப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். மேற்கே நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி செல்லும் சாலையும் இரண்டு ஆறுகளுக்கு நடுவில்தான் போகிறது. பக்கத்தில் உள்ள மேட்டு நிலம் கேப்பர் மலை, அதற்கும் கெடிலத்தைத் தாண்ட வேண்டும். எனவே ‘எந்தப் பாலத்தை, எந்த நேரத்துக்குள் கடப்போம்?’ என்பதே அவனுடைய நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி. நடைப்பிணக் கூட்டம் பாலத்தை அடைத்தாலும் ஆற்று வெள்ளம் அடைத்தாலும் உங்கள் குடும்பத்துக்கு நேர்வது ஒன்றே. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகி வந்ததை அவனே பார்த்திருப்பான். தேவனாம்பட்டினத்தில் படகு ஏறிக் கடலுக்குள் போய்விடலாம் என்று அவன் எழுதியிருந்தால், 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதைப் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகம்தான் குடும்பத்தின் வேகம். உங்கள் வீட்டில் அது மாமியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு, ஐந்து பேரும் பைகளோடு நெல்லிக்குப்பம் சாலையில் நடந்து பாருங்கள். மாமியார் எத்தனையாவது நிமிடத்தில் உட்கார இடம் தேடுகிறார், குழந்தை எங்கே தூக்கச் சொல்லி அழுகிறாள் என்று மகனைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நிமிடக் கணக்கு கைக்கு வந்த பிறகுதான், வீட்டிலேயே இருப்பதா வெளியேறுவதா என்று உங்களால் நேர்மையாக முடிவெடுக்க முடியும். என் கருத்தில், தண்ணீர் ஏறும் ஆபத்து என்றால் முதல் எச்சரிக்கையிலேயே, சாலையில் வண்டி ஓடும்போதே, கிளம்பிவிட வேண்டும். தொற்றோ கூட்டமோ வெளியே இருக்கும் ஆபத்து என்றால் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு இரண்டு திட்டங்கள் தேவை.

உள்ளே இருக்கும் திட்டத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஓரளவு சுத்தத்துக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூன்று கேன். மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருக்கிறதே என்று தோன்றும். தானே புயலில் மரம் விழுந்து குழாய் உடைந்த வீடுகளில் அந்தத் தொட்டி ஒரு மணி நேரத்தில் வடிந்துபோயிற்று. புயல் அறிவிப்பு வந்தவுடன் அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் நிரப்பி மூடி வையுங்கள். வெளியேறும் திட்டத்தில் 60 லிட்டர் என்பது 60 கிலோ. யாராலும் சுமக்க முடியாது. அப்போது பெரியவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் பாட்டிலும், மருந்துக் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை அட்டை ஒன்றும் போதும். அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று போட்டிருக்கிறதோ அந்த அளவிலேயே போடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

உணவைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, பேரீச்சம்பழம், எலுமிச்சை ஊறுகாய் ஆகியவை அடுப்பில்லாமலே பசியாற்றும். நெருப்பு பற்றி மட்டும் ஒன்று. தானே புயலன்று எங்கள் வீட்டில் ஒரு டஜன் மெழுகுவத்தி இருந்தது. தீப்பெட்டி ஜன்னலோரத்தில் இருந்து சாரலில் ஊறிவிட்டது. குச்சியை உரசினால் மருந்து மட்டும் பழுப்புக் கோடாகப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. லைட்டரால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அதில் மெழுகுவத்தியை ஏற்றலாம் என்பது அந்த இருட்டிலும் காற்றின் ஊளையிலும் நெடுநேரம் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தீப்பெட்டி, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்தான் இருக்கின்றன.

பைக்கு வருவோம். பள்ளிப் பை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அதையே இதற்கும் வையுங்கள். மகன் 35 கிலோ என்றால் அவன் முதுகில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆதார், குடும்ப அட்டை, பட்டா, மதிப்பெண் சான்றிதழ், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உங்கள் பையில் வையுங்கள். சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணமும் இருக்கட்டும், ஏனென்றால் மின்சாரம் போனால் ஏ.டி.எம். திறக்காது, செல்பேசியில் பணம் அனுப்பவும் முடியாது. நாப்கின், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாராசிட்டமால், ஆளுக்கு ஒரு விசில், நைலான் கயிறு, பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ என்று மற்றவை உங்களுக்கே தெரியும்.

மாமியாரின் இன்சுலினுக்குச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பயன்பாட்டில் உள்ள மருந்து பெரும்பாலும் நான்கு வாரம் அறை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அறை என்பது 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், நம் ஊரில் பல மாதம் அது இருக்காது. ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் ஆற்று மணலைக் கொட்டி, மணல் ஈரமாக இருக்கும்படி காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, உள்பானையில் ஒரு மூடிய டப்பாவில் மருந்தை வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் காற்றுப் படும்படி வையுங்கள். பனிக்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. அவர் போடும் வகை எத்தனை நாள் தாங்கும் என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு, மகனுடைய நோட்டில் எழுதுங்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் கொடுக்க வெல்லக்கட்டி அவர் மடியிலேயே இருக்கட்டும்.

கத்தியைப் பற்றி மகனிடம் பேசுங்கள். கயிறு அறுக்க, இளநீர் வெட்ட ஒரு கத்தி போதும். இந்தக் கதைகளிலெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து தப்பிப்பதே திட்டமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, நம் ஊர் அனுபவமும் அப்படியில்லை. 2004லும் 2011லும் தெருவில் யார் வீட்டில் கேஸ் இருந்ததோ அங்கே உலை ஏறியது. 1867இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிற மாவட்டம் இது. தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் என்று உங்கள் தெருவில் உள்ள மூன்று வீடுகளின் பெயரையும் அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

செய்திக்கு ரேடியோ, உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்களையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். 11ஆம் எண் கூண்டுக்கு, வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அவனுடைய கதைக்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைக்காது.

கேள்வி: கடித்தால் மனிதன் நடைப்பிணமாகிவிடும் நோய் உண்மையில் சாத்தியமா? என் பேத்தி இரவில் பயப்படுகிறாள்.
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இறந்தவர் எழுவது சாத்தியமில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். சில வகை எறும்புகளைப் பூஞ்சை ஒன்று ஆட்கொண்டு, இலையைக் கவ்வ வைத்துக் கொன்று, தலையிலிருந்து முளைப்பது உண்மை. அது மனிதனுக்குத் தொற்றுவதில்லை. கடியால் மூளைக்குப் போகும் நோய் நம் தெருவில் ஒன்று இருக்கிறது, அது ரேபிஸ். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன் தடுத்துவிடலாம். நாய் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். கடித்ததை வீட்டில் சொன்னால் திட்ட மாட்டோம் என்று பேத்தியிடம் இன்றே சொல்லுங்கள். பயத்தில் மறைக்கும் குழந்தைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கேள்வி: அவசரப் பை தயார் செய்து பரணில் வைத்தேன். மூன்று ஆண்டு கழித்துத் திறந்தால் பேட்டரி கசிந்து, பிஸ்கட்டில் எறும்பு. எப்போது மாற்ற வேண்டும்?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பரணில் வைக்காதீர்கள், வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். பேட்டரியை டார்ச்சுக்குள் போடாமல் தனி உறையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்து அரிவாள்மனை முதல் ஸ்பேனர் வரை வெளியே எடுக்கும் நாளில், இந்தப் பையையும் இறக்கிக் கொட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் அதுவே. மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள், அவலையும் கடலையையும் சமையலுக்கு எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், போன ஆண்டு பையில் வைத்த செருப்பை முதலில் எடுத்து அதன் காலில் போட்டுப் பாருங்கள்.