எழும்பூர்ல இறங்கி சென்ட்ரல்ல ஏற ஒன்றரை மணி நேரம் போதுமா? - ரயில் கேள்வி பதில்

கேள்வி: மதுரைல இருந்து நாலு பேரு பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குப் போறோம். நான், வீட்டுக்காரர், 64 வயசு மாமியார், 7 வயசுல பொண்ணு. செலவு கட்டுப்படியாகணும், அதனால எல்லாமே ஸ்லீப்பர்தான். ராத்திரி பாண்டியன்ல ஏறி விடியக்காலைல எழும்பூர், அங்கருந்து சென்ட்ரல் போய் 7 மணி கோரமண்டல், குர்தா ரோட்டுல இறங்கி பூரிக்கு வேற வண்டி. எழும்பூருக்கும் கோரமண்டலுக்கும் நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கு, தாராளம்னு வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு அடிவயித்தைக் கலக்குது. போதுமா, போதாதா? - மதுரை வாசகி

பதில்: உங்க பயம் நியாயமானதுதான் சகோதரி, ஆனா பயப்பட வேண்டிய இடம் எழும்பூர் இல்ல, குர்தா ரோடு. அதுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல சென்னையை முடிச்சிடலாம்.

எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் ரெண்டு கிலோமீட்டர்தான். மெட்ரோல அடுத்த ஸ்டேஷன், ஆளுக்கு பத்து ரூபா, காந்தி இர்வின் ரோடு வாசல் பக்கம் வந்தா மெட்ரோ ஸ்டேஷன் எதிர்லயே இருக்கு, காலைல அஞ்சு மணிக்கே ஓட ஆரம்பிச்சிடும். பேகை எல்லாம் ஸ்கேன் மெஷின்ல போடணும், அதுக்கு அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். சபர்பன் லோக்கல்ல போனா அடுத்த ஸ்டாப் பார்க், அஞ்சு ரூபா, அங்க இறங்கி சப்வேல ரோட்டைத் தாண்டினா சென்ட்ரல். தனி ஆளா இருந்தா நான் லோக்கல்னு சொல்வேன், மாமியாரும் குழந்தையும் பெட்டியும் இருக்கிறப்ப படி ஏறி இறங்குறது கஷ்டம், லிஃப்ட் எஸ்கலேட்டர் இருக்கிற மெட்ரோ போங்க. நிதானமா நடந்தாலும் முக்கால் மணி நேரத்துல சென்ட்ரல் பிளாட்பாரத்துல நிக்கலாம். அப்ப வண்டி லேட்டாக உங்க கைல மீதி இருக்கிறது இன்னொரு முக்கால் மணி நேரம்.

தெற்கேருந்து வர்ற ராத்திரி வண்டிகளுக்கு தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவுல டைம்டேபிள்லயே கொஞ்சம் கூடுதல் நேரம் போட்டு வச்சிருப்பாங்க, அதனால செங்கல்பட்டுல இருபது நிமிஷம் லேட்டா இருந்தாலும் எழும்பூர்ல சரியான நேரத்துக்கு நிக்கிறது சகஜம். சந்தேகமா இருந்தா இப்பலருந்தே ஒரு வாரம் தினமும் காலைல என்.டி.இ.எஸ். ஆப்ல அந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு பாருங்க, ஊர்ல யார் சொல்றதையும் விட அது நம்பகம். இன்னொண்ணு, எழும்பூர்ல வேலை நடக்குறதால சில வண்டிகளை தாம்பரத்தோட நிறுத்துறதும் பீச் ஸ்டேஷனுக்கு மாத்துறதும் நடக்குது, டிக்கெட்ல எந்த ஸ்டேஷன் போட்டிருக்குன்னு பார்த்துக்குங்க, தாம்பரம்னு இருந்தா உங்க கணக்கு மொத்தமும் மாறிடும்.

ஆனா நிமிஷக் கணக்கை வச்சு கனெக்‌ஷன் நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ணவே கூடாது. இந்த வண்டியை விட்டா அடுத்தது எது, அதுல நமக்கு இடம் கிடைக்குமா, இதைத்தான் கேக்கணும். கோரமண்டல் சென்ட்ரல்லயே புறப்படுற வண்டி, அங்கயே கிளம்புற வண்டி உங்களுக்காக லேட்டாகாது. அதை விட்டுட்டா அன்னைக்கு நாலு பேருக்கு ஸ்லீப்பர் வேற வண்டில கிடைக்கிறது ரொம்ப ரொம்ப சந்தேகம். அப்ப முக்கால் மணி நேரம் கைல இருக்குன்னு நினைச்சு நிம்மதியா தூங்க முடியுமா? உங்க வயித்தைக் கலக்கறது இதனாலதான்.

இப்ப குர்தா ரோடு. காலை ஏழு மணிக்குக் கிளம்புற கோரமண்டல் ஒடிசா போய்ச் சேர்றப்ப நடுராத்திரி தாண்டிடும். அந்த நேரத்துல தூங்குற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, மாமியாரை மெதுவா இறக்கி, தெரியாத ஊர் ஸ்டேஷன்ல விடியற வரைக்கும் உக்காரணும். பூரி அங்கருந்து 44 கிலோமீட்டர்தான், விடிஞ்சா வண்டி நிறைய இருக்கு, விடியற வரைக்கும்தான் பாடு. சென்னைல ஒன்றரை மணி நேரத்தைப் பார்த்து பயந்த நீங்க இந்த நாலஞ்சு மணி நேரத்தைப் பத்தி ஒரு வரி கூட எழுதல.

அதனால என் யோசனை, கோரமண்டலை விட்டுட்டு சாயங்காலம் சென்ட்ரல்ல கிளம்புற ஹவுரா மெயிலைப் பாருங்க. மறுநாள் பகல்ல குர்தா ரோடு வந்துடும், இருட்டுறதுக்குள்ள பூரில ரூம்ல இருக்கலாம். பாண்டியன் ரெண்டு மணி நேரம் லேட்டானா கூட கவலையே இல்ல. சென்னைல ஒரு பகல் சும்மா இருக்கணுமேன்னு தோணும், சென்ட்ரல் கிளோக் ரூம்ல பெட்டியைப் போட்டுட்டு (பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டாங்க, சின்னப் பூட்டு ரெண்டு வாங்கி வச்சுக்குங்க) குளிச்சு முடிச்சு பொண்ணை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. கிளோக் ரூமும் ஒரு வேளைச் சாப்பாடும்தான் கூடுதல் செலவு. ஒரு கனெக்‌ஷனை விட்டுட்டு நாலு பேருக்குப் புது டிக்கெட் எடுக்கிற செலவுக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல. தேதி உங்க கைல இருந்தா இன்னொரு வழியும் இருக்கு, கன்னியாகுமரி - ஹவுரா வாராந்திர எக்ஸ்பிரஸ் மதுரை, திருச்சி, எழும்பூர், புவனேஸ்வர் வழியாத்தான் போகுது, மதுரைல ஏறினா சென்னைல இறங்கவே வேண்டாம். வாரம் ஒரு நாள்தான், டிக்கெட் சீக்கிரம் போயிடும்.

டிக்கெட் விஷயத்துல ரெண்டு. அஞ்சு வயசு முடிஞ்சு பன்னெண்டு ஆகாத குழந்தைக்கு பெர்த் வேணும்னா முழு டிக்கெட், பெர்த் வேண்டாம்னா அரை டிக்கெட். மதுரை - சென்னை ஒரு ராத்திரி உங்க பெர்த்லயே சமாளிச்சிடலாம், அரை டிக்கெட் போதும், பூரி வண்டில பொண்ணுக்கும் பெர்த் எடுத்துடுங்க, அங்க மிச்சம் பிடிக்கப் பார்த்தா நீங்க மறுநாள் பூராவும் தூங்கி வழியணும். மாமியாருக்கு சீனியர் சிட்டிசன் சலுகை கிடையாது, 2020 மார்ச்ல நிறுத்தினது இன்னும் திரும்ப வரல. லோயர் பெர்த் கோட்டா ஒண்ணு ரெண்டு பேர் தனியா போறப்பதான் செல்லும், நாலு பேரா போடுறப்ப வராது. அவங்களுக்குத் தனி டிக்கெட் போட்டு வேற கோச்ல விழுந்துட்டா அதைவிட அவஸ்தை. ஒரே டிக்கெட்டா போட்டு, ஒரு லோயர் பெர்த்தாவது கிடைச்சா மட்டும் புக் பண்ணுன்னு ஐ.ஆர்.சி.டி.சி.ல ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க, அதை டிக் பண்ணிடுங்க.

கேள்வி: சேலத்துல இருந்து நாங்க மூணு ஃப்ரெண்ட்ஸ் அன்ரிசர்வ்டுலயே திருப்பதி போறோம். காட்பாடில வண்டி மாறணும், 25 நிமிஷம்தான் கேப். ரிஸ்க்கா? - சேலம் வாசகர்

பதில்: தைரியமா போங்க தம்பி. மேல அக்காவுக்கு ஒன்றரை மணி நேர கனெக்‌ஷனையே விட்டுடச் சொன்ன நானே உங்களுக்கு 25 நிமிஷம் போதும்னு சொல்றேன், ஏன்னா உங்களுக்கு விட்டுப்போனாலும் பெருசா ஒண்ணும் நஷ்டமில்ல. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா சித்தூர் பஸ் கிடைக்கும், சித்தூர்ல இருந்து திருப்பதிக்கு பஸ் வந்துட்டே இருக்கும். ரிசர்வேஷன் கிடையாது, பெர்த் போச்சுங்கிற கவலை கிடையாது.

ஆனா டிக்கெட்டை சேலம் - காட்பாடி ஒண்ணு, காட்பாடி - திருப்பதி ஒண்ணுன்னு ரெண்டா எடுக்காதீங்க. சேலத்துலயே திருப்பதி வரைக்கும் காட்பாடி வழின்னு சொல்லி ஒரே டிக்கெட்டா வாங்குங்க. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகுற கட்டணம் குறையும், ரெண்டா உடைச்சா ரெண்டாவது துண்டுக்கு திரும்ப முதல்லருந்து கணக்குப் போடுவாங்க. அதைவிட முக்கியம், காட்பாடில அந்த 25 நிமிஷத்துல கவுன்டர் வரிசைல நிக்கிற வேலை இல்ல. 200 கிலோமீட்டருக்கு மேல போற அன்ரிசர்வ்டு டிக்கெட்டை மூணு நாள் முன்னாடியே வாங்கலாம், சேலம் - திருப்பதி அந்தக் கணக்குல வந்துடும், அதனால முந்தின நாள் சாயங்காலமே கூட்டம் இல்லாத நேரமா போய் வாங்கி வச்சுக்குங்க. நீங்க ஏறப்போறது சூப்பர் ஃபாஸ்ட்டா இருந்தா ஆளுக்கு 15 ரூபா கூடுதல், அதையும் அப்பவே சேர்த்துப் போடச் சொல்லுங்க, செக்கிங்ல மாட்டினா 15 ரூபாயோட விடமாட்டாங்க.

கேள்வி: நாகர்கோவில்ல இருந்து டெல்லிக்கு ஒரு இன்டர்வியூக்குப் போனேன். முதல் வண்டி மூணு மணி நேரம் லேட், ரெண்டாவது வண்டி போயிடுச்சு. ரீஃபண்ட் கேட்டதுக்கு ரெண்டும் தனித்தனி டிக்கெட், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அவ்வளவு காசும் போனது போனதுதானா? - கல்லூரி மாணவர்

பதில்: இந்தத் தடவை போனது திரும்ப வராது தம்பி, படிச்சப்ப எனக்கே மனசு கேக்கல, ஏன்னா இதுக்குன்னே ஒரு வசதி இருக்கு, யாரும் உங்ககிட்ட சொல்லல. 2019 ஏப்ரல் 1ல இருந்து ரெண்டு பி.என்.ஆரை (டிக்கெட்ல இருக்கிற பத்து இலக்க நம்பர்) ஒண்ணோட ஒண்ணு லிங்க் பண்ணிக்கலாம். முதல் டிக்கெட்டை எடுத்துட்டு, ரெண்டாவது எடுக்கிறப்ப கனெக்டிங் ஜர்னின்னு ஒரு ஆப்ஷன் வரும், அதுல முதல் பி.என்.ஆரைக் குடுக்கணும். கவுன்டர்ல எடுத்தாலும் சொல்லி லிங்க் பண்ணிக்கலாம். ரெண்டு டிக்கெட்லயும் பேரு, வயசு எல்லாம் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இனிஷியல் முன்னாடி ஒண்ணுல பின்னாடி ஒண்ணுலன்னு இருந்தாக் கூட மாட்டிக்கும். ரெண்டும் கன்ஃபர்ம் ஆகியிருக்கணும்.

இப்படி லிங்க் ஆகியிருந்து, முதல் வண்டி லேட்டானதால ரெண்டாவதை விட்டுட்டீங்கன்னா, போகாத ரெண்டாவது பயணத்துக்கான கட்டணம் கேன்சலேஷன் பிடித்தம் இல்லாம திரும்பக் கிடைக்கும். ஆனா முதல் வண்டி வந்து சேர்ந்த மூணு மணி நேரத்துக்குள்ள பண்ணணும், கவுன்டர் டிக்கெட்னா அந்த ஸ்டேஷன் கவுன்டர்லயே குடுக்கணும், ஆன்லைன் டிக்கெட்னா டி.டி.ஆர். (ரீஃபண்ட் கேட்டு ஆன்லைன்ல குடுக்கிற விண்ணப்பம்) போடணும். முதல்ல ஒரு டீ குடிச்சிட்டு யோசிப்போம்னு உக்காந்துடாதீங்க, அந்த மூணு மணி நேரம் போறதே தெரியாது.

பணம் வரும், சீட்டு வராது, இதை மறந்துடக் கூடாது. இன்டர்வியூ, பரீட்சை, கல்யாணம் மாதிரி தேதி தள்ளிப்போட முடியாத பயணத்துக்கு லிங்க்கை நம்பிக் கிளம்பாதீங்க, ஒரு நாள் முன்னாடியே கிளம்புங்க. ரெண்டாவது டிக்கெட்டை தட்கல்ல பார்த்துக்கலாம்னும் நினைக்காதீங்க, ஸ்லீப்பர் தட்கல் முந்தின நாள் காலை 11 மணிக்குத்தான் திறக்கும், அப்ப நீங்க முதல் வண்டில எங்கயோ சிக்னல் இல்லாத இடத்துல போயிட்டு இருப்பீங்க. கன்ஃபர்ம் ஆன தட்கல் டிக்கெட்டுக்கு ரீஃபண்டும் கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட்டும் இப்ப முன்ன மாதிரி இல்ல, 2025 மே மாசத்துல இருந்து கவுன்டர் வெயிட்டிங் லிஸ்ட்டை வச்சுக்கிட்டு ஸ்லீப்பர்ல ஏற விடுறதில்ல. அதனால 60 நாள் முன்னாடி புக்கிங் திறக்கிற அன்னைக்கே உக்காந்துடுங்க. முதல் வண்டி தேதி ஒரு நாள் முன்னாடி திறக்கும், அதை முடிச்சுட்டு மறுநாள் ரெண்டாவதைப் போட்டு லிங்க் பண்ண வசதியாவும் இருக்கும். அடுத்த இன்டர்வியூ நல்லபடியா அமையட்டும்.

கேள்வி: தென்காசி பக்கத்துல இருந்து தனியா புதுச்சேரி போறேன், பொண்ணு வேலைக்குச் சேர்ந்திருக்கா. வண்டி விழுப்புரத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வருது. அப்பவே பஸ் ஸ்டாண்டுக்குப் போறதா, ஸ்டேஷன்லயே இருக்கிறதா? - தென்காசி வாசகி

பதில்: ஸ்டேஷன்லயே இருங்கம்மா. தெற்கேருந்து சென்னை போற வண்டி முக்கால்வாசி நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவுல விழுப்புரத்தைத்தான் தாண்டிப் போகுது, அதனால அந்த ஸ்டேஷன் ராத்திரி பூரா முழிச்சிருக்கும், டீக்காரர் சத்தம் ஓயாது. பெண்கள் வெயிட்டிங் ரூம்ல உக்காருங்க, வந்த டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அங்க கேப்பாங்க. யாராவது தொந்தரவு பண்ணா 139க்கு அடிங்க, ரயில்வே பாதுகாப்புக்கும் இப்ப அதே நம்பர்தான். வெளிச்சம் வந்ததும் ட்ரெயினோ பஸ்ஸோ எது முதல்ல கிளம்புதோ அதுல ஏறுங்க, ஒரு மணி நேரப் பயணம்தான்.

தூங்கிட்டு விழுப்புரத்தைத் தாண்டிடுவோமோன்னு பயம் இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யாரையாவது விட்டு உங்க போன்ல வேர் ஈஸ் மை ட்ரெயின் ஆப்ல விழுப்புரத்துக்கு அலாரம் வைக்கச் சொல்லுங்க. அதுல நேரத்துக்கு பதிலா ஸ்டேஷனை வச்சு அலாரம் அடிக்கும், வண்டி லேட்டானாலும் அதுக்கேத்த மாதிரி அடிக்கும். சார்ஜ் மட்டும் பார்த்துக்குங்க, ஸ்லீப்பர்ல பிளக் பாயின்ட் எல்லாருக்கும் கிடைக்காது, வீட்டுலயே ஃபுல்லா போட்டுட்டுக் கிளம்புங்க.