கேளுங்கள், சொல்கிறேன்: கவுண்டியும் கண்ணாடி ஜன்னலும்

கேள்வி: எங்கள் பகுதி கவுண்டி கமிஷனர் தபாலில் ஒரு அட்டை அனுப்பியிருக்கிறார். ‘என் முன்னுரிமைகள்: விரைவான சேவை, எல்லாம் ஆன்லைனில், குறைந்த வரி, நல்ல சாலை’ என்று படத்தோடு போட்டிருக்கிறது. இதெல்லாம் இவரால் ஆகிற காரியமா?
- ஒரு வாசகி, சுகர்லேண்ட், டெக்சாஸ்

பதில்: நாலில் ஒன்றரை ஆகும். (புதிதாக வந்தவர்களுக்கு: கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. அதை நடத்தும் சபையில் ஓர் உறுப்பினர்தான் கமிஷனர்.)

சாலையை முதலில் முடித்துவிடுகிறேன். நகர எல்லைக்கு வெளியே உள்ள சாலையும் பாலமும் கமிஷனர் பொறுப்பு. உங்கள் தெரு நகரத்துக்குள் இருந்தால் பள்ளத்துக்கு நகர நிர்வாகத்தைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்து வரி. கவுண்டியின் வரி விகிதத்தில் அவருக்கு ஓட்டு உண்டு. ஆனால் சொத்து வரி பில்லில் பெரிய பங்கு பெரும்பாலும் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. வீட்டுக்கு மதிப்புப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அது தனி அமைப்பு. மதிப்பு கூடுதலாகத் தெரிந்தால் மே 15க்குள் அங்கே ஆட்சேபம் கொடுங்கள். கமிஷனருக்கு மெயில் போட்டுப் பயனில்லை.

‘விரைவான சேவை’ என்றால்தான் எனக்கு வாய் நீளும். ஓய்வு பெறுவதற்கு முன் 14 வருடம், பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஆவணங்களைத் தரும் ஒரு கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எந்தக் கவுண்டி என்று கேட்காதீர்கள்.

ஒருநாள் பக்கத்து ஜன்னலில் இருந்தவர் “மிஸ் ஃப்னு! மிஸ் ஃப்னு!” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் கைக்குழந்தையோடு நம்மூர்ப் பெண் ஒருத்தி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. அதனால் விசாவில் அவளுடைய பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு., அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சாகியிருந்தது. குழந்தையின் பிறப்புப் பதிவிலோ தாய் பெயரில் அவள் அப்பாவின் பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று யாருக்கும் முடிவு சொல்லத் தெரியாமல் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்று மூன்றாவது தடவை. நான் மேலதிகாரியைக் கூட்டிவந்து, நம் ஊர்ப் பெயர்கள் எப்படி உடைகின்றன என்று அரைப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பத்து நிமிடத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. அந்த அரைப் பக்கத்தை ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டியும் வைத்தேன். அந்த வருடம் எங்களுக்குப் புது ஆப் ஒன்றும் வந்தது. அதிலும் முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது!

சரி, இதைக் கமிஷனர் சரிசெய்வாரா? டெக்சாஸில் கவுண்டி கிளார்க், வரி வசூல் அதிகாரி, ஷெரீஃப் எல்லோரும் தனித்தனியாக மக்கள் ஓட்டில் வந்தவர்கள். ‘இப்படிச் செய்’ என்று கமிஷனர் அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. அவர் கையில் இருப்பது பட்ஜெட். எத்தனை ஜன்னல், எத்தனை ஆள், யாருக்குப் பயிற்சி என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. அதனால் அந்த அட்டையை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, பட்ஜெட்டில் கிளார்க் அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். போன வருடத்தைவிட ஒரு ஆளாவது கூடியிருக்கிறதா?

கேள்வி: டிரைவர் லைசென்ஸ் வரிசையைக் குறைக்க எந்தக் கமிஷனரிடம் சொல்வது?

பதில்: யாரிடமும் இல்லை. லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் டி.பி.எஸ்., அதாவது பொதுப் பாதுகாப்புத் துறை. கார் பதிவைப் புதுப்பிப்பதுதான் கவுண்டி வரி அலுவலகம்.

கேள்வி: ‘கவுண்டி ஜட்ஜ்’, ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்கிறார்களே, அங்கே வழக்கு நடக்குமா?

பதில்: பேரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கமிஷனர்ஸ் கோர்ட் என்பது கவுண்டியை நடத்தும் சபை. ஒரு ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள், பதவிக்காலம் 4 வருடம். சின்னக் கவுண்டிகளில் ஜட்ஜ் வழக்குகளையும் பார்ப்பார். பெரிய இடங்களில் நிர்வாகத்துக்கே நேரம் போதாது. 2020 கணக்கெடுப்பில் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேர், லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டுக்கும் இதே ஐந்து நாற்காலிதான்.

கேள்வி: அந்தச் சபையில் நான் பேச முடியுமா? ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும்.

பதில்: தாராளமாக. அஜெண்டாவில் உள்ள எந்த விஷயத்திலும் பொதுமக்களைப் பேசவிட வேண்டும் என்று 2019-இல் சட்டமே வந்துவிட்டது. வழக்கமாக மூன்று நிமிடம் கிடைக்கும், மொழிபெயர்ப்பாளரோடு பேசினால் இரண்டு மடங்கு நேரம். கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், பகலில். அதுதான் தொல்லை, லீவு போட வேண்டும். பெரிய கவுண்டிகள் பலவற்றில் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குவதால் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். கதை சொல்லாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: “போன மாதம் கிளார்க் அலுவலகத்தில் எத்தனை பேரை வேலை முடியாமல் திருப்பி அனுப்பினீர்கள்?” விசாரித்துச் சொல்கிறோம் என்பார்கள். எந்தத் தேதிக்குள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.