அழுதால் கைபேசி கிடைக்கும் என்று பழகிய பிள்ளை

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. ஈசூனில் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்ததுமே கைபேசி கேட்டு அழுகிறான். பெரும்பாலும் கொடுக்க மாட்டோம். ரொம்பக் கத்தினால் மட்டும் கொடுப்போம். போன வாரம் அடியோடு நிறுத்தினோம். அழுகை இரண்டு மடங்காகிவிட்டது. கடைத்தொகுதியில் பார்த்த முகவர் ஒருவர் ‘மூளைப் பயிற்சி’ வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணமும் கட்டிவிடாதீர்கள்.

“ரொம்பக் கத்தினால் மட்டும்” என்கிறீர்களே, சிக்கலே அதில்தான். உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 1957இல் நூலாக்கினார்கள். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகியது லேசில் விடாது. என்றோ ஒருநாள் அடித்த நம்பரை நம்பி வாராவாரம் ஃபோர் டி லாட்டரி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பத்தாவது நிமிடம் கைபேசியைக் கொடுத்தால், பத்து நிமிடம் அழவேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான்.

இப்போது அழுகை கூடியதும் எதிர்பார்த்ததுதான். பழகிய பலன் நின்றால் முயற்சி முதலில் ஏறும், அப்புறம் இறங்கும். ஏறும்போது விட்டுக்கொடுத்தால், முன்பைவிட உரத்த அழுகைக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். அழாமல் இருக்கும் இரண்டு நிமிடத்தில் பேச்சுக் கொடுங்கள், கரண்டி எடுத்துவரச் சொல்லுங்கள்.

முகவர்கள் இந்த வாரத்துக்காகவே காத்திருப்பவர்கள். அழுகை உச்சத்தில் இருக்கும்போது, “இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி” என்பார்கள். அது தானாகத் தணிந்ததும் தங்கள் பயிற்சியின் பலன் என்பார்கள். உளவியலாளர்களுக்குக் கட்டாயப் பதிவு இல்லாமலே இத்தனை காலம் விட்டுவைத்ததால்தான் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டுகிறார்கள். சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான்கு வயதுப் பிள்ளை சின்னச் சின்ன வாக்கியமாகவாவது பேச வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கு அழுகைதான் மொழி. அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது தவறு. பசி, வலி, தூக்கம் எதையும் சொல்லத் தெரியவில்லையா? கூப்பிட்டால் திரும்புவதில்லையா? பேசிய சொற்களை விட்டுவிட்டானா? ஒன்று இருந்தாலும் நான் மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். “போகப் போகச் சரியாகிவிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காமல், பலதுறை மருந்தகத்துக்குப் போய், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தேதி தள்ளித்தான் கிடைக்கும். பிஞ்சு வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே காக்கவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் முகவர்கள் நுழைகிறார்கள். சந்தேகம் வந்த அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.