பீசிலியாவா, போய்கிலியாவா? மீன் பெயர்களின் உச்சரிப்பு: கேள்வி பதில்

கப்பி என்ற தொட்டி மீனின் அறிவியல் பெயரை (Poecilia) ஒருவர் பீசிலியா என்கிறார், இன்னொருவர் போய்கிலியா என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு எழுத்துக்கூட்டலில் கறாராக இருக்கும். இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று எந்தப் பெயருக்கும் சொல்வதில்லை. நடைமுறையில் இரண்டு மரபுகள் உண்டு. ஆங்கில மரபில் ஓ-இ (oe) சேர்ந்தால் ‘ஈ’. சி-க்குப் (c) பின் இ, ஐ, ஒய் (e, i, y) வந்தால் ‘ஸ’. பழைய ரோமானிய மரபில் ஓ-இ என்பது ‘ஓய்’, சி எங்கும் ‘க’தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ‘பீகிலியா’ என்று பாதி இங்கும் பாதி அங்கும் எடுத்தால்தான் கேட்பவர் விழிப்பார். நம் ஊர் வியாபாரத்தில் ஆங்கில மரபே புழங்குவதால் கீழே அதையே பின்பற்றுகிறேன்.

ஏஞ்சல் மீனின் பெயர் ‘ப்டெரோஃபில்லம்’ தானே? வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது.

முதல் எழுத்தை விட்டுவிடுங்கள்: டெரோஃபில்லம் ஸ்கலாரே. சொல்லின் தொடக்கத்தில் பி-டி, பி-எஸ் சேர்ந்து வந்தால் அந்தப் பி ஊமை. ஜாவா ஃபெர்ன் மைக்ரோசோரம் டெரோபஸ். ஆரஞ்சு குரோமைடு சூடெட்ரோப்ளஸ். அதே பி-டி சொல்லின் நடுவில் வந்தால் பி ஒலிக்கும்: நோட்டோப்டெரஸ். தொடக்கத்து எக்ஸ் ‘ஜ’ ஆகும். அதனால் வாள்வால் மீன் ஜைஃபோஃபோரஸ்.

சி-எச் வந்தால் ‘ச’வா ‘க’வா?

கிரேக்க வேர் என்றால் ‘க’. நியான் டெட்ரா பாராகைரோடான், அமேசான் வாள் செடி எகைனோடோரஸ், கிளௌன் லோச் குரோமோபோஷியா. ‘சிக்லிட்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு விதியும் இருக்கின்றன: ஐ-க்கு முன்னுள்ள சி ‘ஸ’, அடுத்து வரும் சி-எச் ‘க’. விரால் இனத்தின் சன்னாவும் கிரேக்க வேர்தான். விதிப்படி ‘கன்னா’ என்று வர வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னால் மீன் கடையில் யாருக்கும் புரியாது. சன்னா என்றே சொல்லுங்கள்.

எழுத்தெல்லாம் சரியாகச் சொன்னாலும் வெளிநாட்டு விற்பனையாளருக்குப் புரியவில்லை. ஏன்?

அழுத்தம் இடம் மாறியிருக்கும். தமிழ்ப் பேச்சில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்கிறோம். லத்தீன் பெயரில் ஓர் அசை தூக்கலாக நிற்கும். விதி, யாப்பு படித்தவர்களுக்குச் சுலபம். கடைசிக்கு முந்திய அசையைப் பாருங்கள். அது நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல். வெறும் குறில் என்றால் அழுத்தம் ஓர் அசை முன்னால் போகும். இரண்டே அசை என்றால் முதலசை: பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸில் ‘பெ’, ‘ஸ்ப்ளெ’.

சிக்கல் என்னவென்றால், ரோமன் எழுத்தில் குறில் நெடில் தெரியாது. அதனால் ஈறுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். -ஆடஸ், -ஓசா, -ஆரே ஆகியவற்றில் நெடில், அழுத்தம் அங்கேயே: ஸ்க-லா-ரே, ஃபிலமென்-டோ-சா. -என்சிஸ் ஈற்றில் ஒற்று இருப்பதால் ‘என்’ மேல். குடும்பப் பெயர்களின் -இடே ஈற்றில் இ குறில். சிப்ரினிடேயில் ‘ப்ரி’யைத் தூக்குங்கள். நியோலாம்ப்ரோலோகஸ் போன்ற நீளப் பெயரை நியோ-லாம்-ப்ரோ-லோ-கஸ் என்று உடைத்துக்கொண்டு ‘ப்ரோ’வில் அழுத்துங்கள். பலர் ‘லோ’வில் அழுத்துகிறார்கள். இந்த ‘லோ’வை நாம் நீட்டி எழுதினாலும் மூலத்தில் அது குறில்.

மிஸ் கேரளா மீனின் சிற்றினப் பெயர் (denisonii) முடிவில் இரண்டு ஐ. ஒன்றை விட்டால் என்ன?

விடக்கூடாது. 1865இல் மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே இந்த மீனுக்குச் சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரை வைத்தபோதே இரண்டு ஐ போட்டார். மூல எழுத்துக்கூட்டலே செல்லும். இரண்டு ஐ-யும் தனித்தனி அசை: டெனிசோனி-ஐ. கடைசி ஐ-யை ‘ஈ’ என்பவர்களும் உண்டு, தவறில்லை. நியான் டெட்ராவின் இன்னெசையில் ஒரே ஐ. அது வில்லியம் இன்னெஸ் பெயரில் வைத்தது. பெண்ணின் பெயரென்றால் -ஏ-இ ஈறு, ஒலி ‘ஈ’: பொராராஸ் பிரிஜிட்டீ. (பொராராஸ் என்பது ரஸ்போரா என்ற பேரினப் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்ட பெயர். வகைப்பாட்டியலாளர்களும் விளையாடுவார்கள்.)

ஆட்பெயர், ஊர்ப்பெயர் என்றால் முன்பகுதியை அவரவர் மொழியில் சொல்வதுபோலவே சொல்லுங்கள். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரிலுள்ள மீன் பேரினம் டாக்கின்சியா. மிஸ் கேரளா இன்று இருக்கும் பேரினம் சஹ்யாத்ரியா, நம் சஹ்யாத்ரி மலைதான் (மேற்குத் தொடர்ச்சி மலை). அதை ஆங்கிலத்தனமாக ‘சயாட்ரியா’ என்று நசுக்க வேண்டாம்.

கொளத்தூரில் கடை வைத்திருக்கிறேன். தொட்டி லேபிளில் தமிழில் மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. நமக்கு க-வும் ககரத்தின் மெலிந்த ஒலியும் ஒரே எழுத்து; கேம்பூசியாவின் முதல் எழுத்து ஜி-யா சி-யா என்று தமிழிலிருந்து திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதலெழுத்தைப் பெரிதாகவும் சிற்றினத்தை முழுக்கச் சிறிய எழுத்திலும் எழுதி, கீழே தமிழ் ஒலியைப் போடுங்கள். எஸ்-பி-புள்ளி இருந்தால் ‘ஸ்பீசீஸ்’ என்று படியுங்கள். சிற்றினம் உறுதியாகவில்லை என்று பொருள். ப்ளெக்கோக்களை (உறிஞ்சுவாய்க் கெளுத்திகளை) தொலைபேசியில் ஆர்டர் செய்யும்போது ஹைபான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று மல்லுக்கட்டாமல் ‘எல் 46’ என்று அதன் அடையாள எண்ணைச் சொல்லிவிடுங்கள். தவறான மீன் வந்து இறங்காது.